எல்லாம் ஒரே கார்டில் வேண்டுமா?

உங்கள் பேங்கில் இருந்து புதிதாக வந்த டெபிட் கார்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஓரத்தில் ரேடியோ அலை போல நாலு வளைகோடுகள் இருக்கின்றனவா? ரூபே கார்டாக இருந்தால் என்சிஎம்சி என்ற எழுத்துகளும் எங்காவது அச்சாகியிருக்கிறதா? அப்படியானால் உங்களிடம் இருப்பது வெறும் ஏடிஎம் கார்டு அல்ல. பணம் எடுக்க, கடையில் தேய்க்க, இன்டர்நெட்டில் பொருள் வாங்க, மெஷினைத் தொட்டுவிட்டு நகர, பஸ்ஸில் ஏற, மெட்ரோவில் போக, பார்க்கிங் கட்டணம் கட்ட என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கார்டு. இதை நீங்கள் கேட்டு வாங்கியிருக்க மாட்டீர்கள். பழைய கார்டின் காலம் முடிந்தது, புதியது தபாலில் வந்தது, அவ்வளவுதான்.

என்சிஎம்சி என்பது நேஷனல் காமன் மொபிலிட்டி கார்டு என்பதன் சுருக்கம். 2019 மார்ச் 4ஆம் தேதி அகமதாபாத்தில் பிரதமர் மோடி இதைத் தொடங்கி வைத்தார். ஒரே நாடு, ஒரே கார்டு என்று விளம்பரம் செய்தார்கள். சென்னையில் 2023 ஏப்ரலில் மெட்ரோ நிர்வாகமும் ஸ்டேட் பாங்கும் சேர்ந்து இதே வகைக் கார்டை சிங்காரச் சென்னை அட்டை என்ற பெயரில் கொண்டு வந்தன. 2025 ஜனவரியில் மாநகரப் பேருந்துகளிலும் அது செல்லும் என்று ஆனது.

திட்டம் மோசம் என்று சொல்ல வரவில்லை. காரைக்காலை எடுத்துக் கொள்ளுங்கள். வடக்கே நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு. தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், அதுவும் தமிழ்நாடு. ஆஸ்பத்திரிக்கு ஒரு ஊர், காலேஜுக்கு ஒரு ஊர், துணி எடுக்கக் கும்பகோணம் என்று அலைகிறவர்கள் ஒரே நாளில் புதுச்சேரி அரசு பஸ், தமிழ்நாடு அரசு பஸ், தனியார் பஸ் என்று மூன்றிலும் ஏறுகிறார்கள். இரண்டு அரசுகளின் பஸ்ஸிலும் செல்லக்கூடிய ஒரு கார்டு இந்த ஊருக்குத்தான் முதலில் தேவை என்றே சொல்லலாம். சில்லறை இல்லை என்று கண்டக்டர் டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுக்கும் தொல்லையும் தீரும்.

என் ஆட்சேபம் வேறு. ஒரே கார்டு என்கிறார்கள். ஆனால் அந்தக் கார்டுக்குள் இருப்பது மூன்று விதமான பணம். மூன்றுக்கும் மூன்று விதமான பாதுகாப்பு. இதை யாரும் கவுன்ட்டரில் விளக்குவதில்லை. கார்டு தொலைந்த பிறகுதான் வித்தியாசம் தெரிய வருகிறது. சேமிப்புக் கணக்கின் கார்டும் பஸ் டிக்கெட் கார்டும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பதே என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

ஒரு கார்டு, மூன்று பணம்

முதல் பணம், உங்கள் சேமிப்புக் கணக்கில் இருப்பது. ஏடிஎம்மில் எடுக்க வேண்டுமானால் பின் நம்பர் வேண்டும். நம் நாட்டு வெப்சைட்டில் செலவு செய்ய ஓடிபி வேண்டும். கார்டு திருட்டுப் போனாலும் பின் நம்பர் தெரியாதவன் இந்தப் பணத்தைச் சுலபமாக எடுக்க முடியாது.

இரண்டாவது, அதே கணக்கில் இருந்து மெஷினைத் தொட்டுச் செலவாகும் பணம். இதற்கு ஒரு முறைக்கு ரூ. 5,000 வரை பின் நம்பர் கேட்காது. முதலில் ரூ. 2,000 என்றிருந்த இந்த வரம்பை 2021 ஜனவரி 1 முதல் ரூ. 5,000 ஆக உயர்த்த ரிசர்வ் வங்கி அனுமதித்தது. ஒரு நாளைக்கு மொத்தம் எவ்வளவு என்பது உங்கள் வங்கியும் நீங்களும் வைக்கும் வரம்பைப் பொறுத்தது.

மூன்றாவதுதான் புதியது. கார்டில் தங்க நிறத்தில் தெரியும் சிப்புக்குள்ளேயே பணம் ஏற்றி வைக்கும் வசதி. வங்கிகள் இதை ஆஃப்லைன் வாலட் என்கின்றன. நாம் சிப் பர்ஸ் என்று வைத்துக் கொள்வோம். இதில் ரூ. 2,000 வரை வைக்கலாம். ஓடும் பஸ்ஸில் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் வங்கியின் கம்ப்யூட்டரைத் தொடர்பு கொண்டு அனுமதி வாங்கிக் கொண்டிருக்க முடியாது. டவர் கிடைக்காத இடத்தில் பஸ் நின்றுவிடும். மெட்ரோ வாசலில் பின்னால் இருப்பவர் கத்துவார். ஆகவே கண்டக்டரின் மெஷின் வங்கியைக் கேட்காமல் நேராக சிப்பில் இருந்தே பணத்தைக் கழித்துக் கொள்கிறது. பின் நம்பரும் இல்லை, ஓடிபியும் இல்லை.

புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஆனால் இதனால் என்ன ஆகிறது? சிப்பில் உள்ள தொகை கிட்டத்தட்ட ரொக்கம் போல. கார்டை எடுத்தவன் அதைச் செலவு செய்யலாம். நீங்கள் போன் செய்து கார்டை முடக்கினால் சேமிப்புக் கணக்கின் கதவு உடனே மூடிவிடும். சிப் பர்ஸின் கதவு அப்படி மூடாது. முடக்கிய கார்டுகளின் பட்டியல் அந்தந்த மெஷினுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அது கார்டை மறுக்கும். தொலைந்த கார்டின் சிப்பில் இருந்த பணத்தைத் திருப்பித் தர முடியாது என்று வங்கிகள் நிபந்தனைத் தாளில் எழுதி வைத்திருப்பது இதனால்தான். அந்தத் தாளின் எழுத்து எறும்பு அளவில் இருக்கும். கார்டு வந்த கவரைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு தடவை பூதக்கண்ணாடி வைத்தாவது படித்து விடுங்கள்.

வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இதில் இன்னொரு குழப்பமும் காத்திருக்கிறது. ராத்திரி உட்கார்ந்து நெட்பேங்கிங்கில் கார்டுக்கு ரூ. 500 ஏற்றுகிறீர்கள். பணம் போய்விட்டது என்று எஸ்எம்எஸ் வருகிறது. காலையில் கார்டைத் தொட்டால் பாக்கி பூஜ்யம் என்கிறது மெஷின். ஏமாற்று வேலை என்று நினைக்காதீர்கள். நீங்கள் ஏற்றிய ரூ. 500 வங்கியின் சர்வரில் காத்துக் கொண்டிருக்கிறது. மெட்ரோ ஸ்டேஷன் போன்ற இடத்தில் அதற்கான மெஷினில் கார்டை வைத்து, பேலன்ஸ் அப்டேட் செய்தால்தான் அது சிப்புக்குள் இறங்கும். மெட்ரோ ஸ்டேஷன் உள்ள ஊரில் இது ஒரு நிமிட வேலை. இல்லாத ஊரில் என்ன செய்வது? பஸ்ஸுக்கு மெஷின் வருவதற்கு முன்பே கையில் கார்டைக் கொடுத்துவிட்ட வங்கிகள் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

படித்துறையில் பர்ஸ்

திருநள்ளாறுக்குச் சனிக்கிழமை போய்ப் பாருங்கள். நளதீர்த்தத்தில் குளிக்க வருகிற கூட்டத்தில் எத்தனை பேர் துணியையும் பர்ஸையும் படிக்கட்டில் வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்குகிறார்கள்! சனிப்பெயர்ச்சி நாளில் அந்தக் கூட்டம் லட்சக்கணக்கில் இருக்கும். பர்ஸில் ரூ. 300 ரொக்கமும் பழைய ஏடிஎம் கார்டும் இருந்த காலத்தில், எடுத்தவனுக்கு லாபம் ரூ. 300 மட்டும். கார்டு அவனுக்கு வெறும் பிளாஸ்டிக்.

இப்போது அதே பர்ஸில் எல்லாம் சேர்ந்த கார்டு இருக்கிறது. தொட்டுச் செலுத்தும் வசதி திறந்திருந்தால், எடுத்தவன் கோயில் வாசலைத் தாண்டியதும் ஏதாவது கடையில் நுழைந்து ரூ. 4,900க்குப் பொருள் வாங்கலாம். தமிழ்நாட்டை விட இங்கே பெட்ரோலுக்கு வரி குறைவு என்பதால் பக்கத்து மாவட்டத்து வண்டிகள் பங்க்குகளில் வரிசை கட்டுகின்றன. ஸ்வைப் மெஷினுக்குப் பஞ்சமே இல்லை. யார் கார்டு என்று கேட்க அங்கே நேரமும் இல்லை. நீங்கள் குளித்து, தரிசனம் முடித்து, எள் தீபம் ஏற்றிவிட்டு, கோயிலுக்குள் அணைத்து வைத்திருந்த செல்போனைத் திறந்து எஸ்எம்எஸ்ஸைப் பார்க்கும்போது இரண்டு மணி நேரம் போயிருக்கும்.

அதன் பிறகு நீங்கள் கார்டை முடக்குகிறீர்கள். சரியான செயல்தான். ஆனால் எல்லாம் ஒரே கார்டில் இருப்பதால் எல்லாமே சேர்ந்து முடங்குகிறது. ஏடிஎம்மில் பணம் எடுக்க முடியாது, கடையில் தேய்க்க முடியாது, ஊர் திரும்பும் பஸ்ஸுக்கும் கையில் ஒன்றும் இல்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பேங்க் லீவு. புதுக் கார்டு தபாலில் வரச் சில நாட்கள் ஆகும். எல்லாச் சாவியையும் ஒரே வளையத்தில் கோத்து வைத்தவர் அந்த வளையத்தைத் தொலைத்த கதைதான்.

கூட்டத்தில் உரசிக் கொண்டு போகிறவன் ஒரு மெஷினை உங்கள் பாக்கெட் அருகே காட்டிப் பணத்தை உறிஞ்சி விடுவான் என்று ஒரு பயம் பரவலாக இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வீடியோ கூட வந்திருக்கும். இது பெரும்பாலும் மிகைப்படுத்திய பயம். கார்டும் மெஷினும் சில சென்டிமீட்டர் இடைவெளிக்குள் வர வேண்டும். மெஷினை ஒரு வங்கி, ஒரு வியாபாரியின் பெயரில் பதிவு செய்து கொடுத்திருக்கும். பணம் அவர் கணக்குக்குத்தான் போகும், பிடிப்பது சுலபம். அந்த வீடியோவுக்குப் பயந்து அலுமினியத் தகடு வைத்த பர்ஸ் வாங்குவதை விட, கார்டு தொலைந்தால் என்ன செய்வது என்று யோசித்து வைப்பது மேல்.

நகல் எடுக்கும் பயம் மட்டும் உண்மையாகவே இருந்தது. 2018ல் புதுச்சேரியில் ஏடிஎம் மெஷின்களில் ஸ்கிம்மர் கருவி பொருத்திக் கார்டு விவரங்களைத் திருடி, போலிக் கார்டு தயாரித்துப் பணம் எடுத்த வழக்கில் சிபிசிஐடி போலீசார் பலரைக் கைது செய்தார்கள். அதற்கு முன்பு 2016 அக்டோபரில் சுமார் 32 லட்சம் இந்திய டெபிட் கார்டுகளின் விவரங்கள் கசிந்திருக்கலாம் என்று வெளியாகி, ஸ்டேட் பாங்க் மட்டும் 6 லட்சம் கார்டுகளை முடக்கிப் புதியது கொடுத்தது. அப்போது பல கார்டுகளில் இருந்தது காந்தப் பட்டை மட்டுமே. 2018 டிசம்பருக்குள் சிப் கார்டுக்கு மாற வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் உத்தரவு இந்த நகல் தொழிலைப் பெருமளவு அடக்கியது. அந்த அளவில் புதுக் கார்டு பழையதை விட நல்ல கார்டுதான். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

கொடுத்தவர் கடையை மூடினால்?

திருட்டு மட்டும் ஆபத்தல்ல. கார்டைக் கொடுத்த நிறுவனத்துக்கே ஏதாவது ஆகலாம்.

2024 ஜனவரி 31ஆம் தேதி பேடிஎம் பேமென்ட்ஸ் பாங்க் மீது ரிசர்வ் வங்கி நடவடிக்கை எடுத்தது. கணக்கு, வாலட், ஃபாஸ்டேக், என்சிஎம்சி கார்டு எதிலும் புதிதாகப் பணம் ஏற்றக் கூடாது என்று உத்தரவு. கெடு பின்னர் மார்ச் 15 வரை நீட்டிக்கப்பட்டது. உள்ளே இருந்த பணத்தைச் செலவழிக்கத் தடை இல்லை என்பது ஆறுதல். ஆனால் சேமிப்பு, டோல்கேட், மெட்ரோ என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருந்தவர்கள் ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வந்தது.

அமெரிக்காவில் 2013 நவம்பரில் காயின் என்று ஒரு மின்னணுக் கார்டு அறிவிக்கப்பட்டது. உங்களிடம் உள்ள எட்டுக் கார்டுகளின் விவரங்களை அதில் ஏற்றிக் கொள்ளலாம், பட்டனை அழுத்தி எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். முன்பதிவு விலை 50 டாலர். இளைஞர்கள் போட்டி போட்டுப் பணம் கட்டினார்கள். கார்டு கைக்கு வர 2015 ஆகிவிட்டது. அதே ஆண்டு அமெரிக்கக் கடைகள் சிப்புக்கு மாறத் தொடங்கின. காயின் நம்பியிருந்ததோ காந்தப் பட்டையை! 2016ல் ஃபிட்பிட் நிறுவனம் அதன் தொழில்நுட்பத்தை வாங்கிக் கொண்டது. 2017 பிப்ரவரியில் சேவை நின்றது. பிளாஸ்டிக் என்று உச்சரிக்கும்படி பெயர் வைத்துக் கொண்ட அதன் போட்டி நிறுவனம் இன்னும் மோசம். சுமார் 90 லட்சம் டாலர் முன்பணம் வாங்கிக் கொண்டு, ஒருவருக்கும் கார்டு அனுப்பாமலேயே 2017 ஏப்ரலில் கடையை மூடியது. புதுச் சாதனத்துக்கு முன்பணம் கட்டும் ஆசை உள்ளவர்கள் இதை நினைவில் வைத்துக் கொள்ளலாம்.

நம் பக்கத்தில் பலருக்குச் சிங்கப்பூரில் உறவு உண்டு. அவர்களிடம் ஈசி லிங்க் கார்டு பற்றிக் கேளுங்கள். பாக்கி கார்டிலேயே இருக்கும், பஸ்ஸில் தொட்டால் எவ்வளவு போனது, எவ்வளவு மீதி என்று மெஷின் காட்டும். அந்த முறையை நிறுத்திவிட்டு, கணக்கு முழுவதும் சர்வரில் இருக்கும் சிம்ப்ளிகோ முறைக்கு எல்லோரும் 2024 ஜூன் 1க்குள் மாற வேண்டும் என்று 2024 ஜனவரியில் அங்கே அறிவித்தார்கள். புதிய முறையில் கார்டு தொலைந்தாலும் பாக்கியைக் காப்பாற்ற முடியும். ஆனால் தொட்டவுடன் மெஷினில் தொகை தெரியாது, செல்போனில் தேடிப் பார்க்க வேண்டும். மக்கள் கோபப்பட்டார்கள். இரண்டே வாரத்தில், ஜனவரி 22ஆம் தேதி, அரசு பின்வாங்கியது. பழைய முறையைத் தொடர்ந்து நடத்த 4 கோடி சிங்கப்பூர் டாலர் கூடுதலாகச் செலவிட ஒப்புக் கொண்டது. பணம் எவ்வளவு போனது என்று அந்த இடத்திலேயே தெரிய வேண்டும் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இதிலிருந்து புரிகிறது. நம் ஊரில் இதைக் கேட்டால் ஆப்பில் பார்த்துக் கொள்ளுங்கள் என்பார்கள்.

ஹாங்காங்கில் 1997 முதல் ஆக்டோபஸ் என்ற கார்டு இருக்கிறது. ரயில், பஸ், கடை, ஓட்டல் எல்லாவற்றுக்கும் அதுதான். சுமார் 20 லட்சம் வாடிக்கையாளர்களின் சொந்த விவரங்களை அந்த நிறுவனம் மற்ற கம்பெனிகளுக்குக் கொடுத்து 4.4 கோடி ஹாங்காங் டாலர் சம்பாதித்தது என்று 2010ல் வெளியானது. தலைமை நிர்வாகி பதவி விலகினார். ஒரே கார்டில் எல்லாம் செய்கிறீர்கள் என்றால், நீங்கள் எத்தனை மணிக்கு எங்கே ஏறி எங்கே இறங்கி என்ன வாங்கினீர்கள் என்பதும் ஒரே இடத்தில் சேர்கிறது. இந்தியாவில் இதற்கான சட்டம் 2023ல் வந்தது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின, அதிலும் நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்தார்கள்.

நஷ்டம் யாருக்கு?

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கை வாடிக்கையாளருக்குச் சாதகமானது. வங்கியின் தவறு என்றால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. வங்கியும் நீங்களும் தவறு செய்யாமல் இடையில் எங்கோ மோசடி நடந்து, செய்தி வந்த மூன்று வேலை நாட்களுக்குள் நீங்கள் புகார் செய்தால், அப்போதும் நஷ்டம் இல்லை. நாலு முதல் ஏழு வேலை நாட்கள் என்றால் சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் ரூ. 10,000 வரை உங்கள் தலையில். அதற்கு மேல் தாமதித்தால் வங்கி வைத்ததுதான் சட்டம். தவறு உங்களுடையது என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கிக்கே.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கார்டைக் கரையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனவரை வங்கி என்ன சொல்லும்? உங்கள் கவனக்குறைவு என்று சொல்லும். கவனக்குறைவு என்று ஆகிவிட்டால், புகார் செய்யும் நிமிடம் வரை ஏற்பட்ட நஷ்டம் முழுவதும் உங்களுடையது. பின் நம்பர் கேட்காத கார்டைக் கொடுத்தது நீங்கள்தானே என்று அவர்களைத் திருப்பிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது, கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்த வாதம் முடிய மாதங்கள் ஆகும்.

இங்கே இன்னொரு சிக்கல். செய்தி வந்ததில் இருந்துதான் மூன்று நாள் கணக்கு. முதியோர் பென்ஷன் வாங்குகிற பல பெற்றோரின் கணக்கில் பதிவாகியிருப்பது வெளிநாட்டில் இருக்கும் மகனின் பழைய இந்திய நம்பர். எஸ்எம்எஸ் யாருக்கும் போய்ச் சேராது. புதுச்சேரியில் ரேஷன் அரிசிக்குப் பதில் 2015 செப்டம்பரில் இருந்து பணமாகவே வங்கிக் கணக்கில் போட ஆரம்பித்த பிறகு, கார்டைப் பயன்படுத்திப் பழக்கமே இல்லாத வீடுகளிலும் ஏடிஎம் கார்டு வந்துவிட்டது. அவர்களுடைய பென்ஷன் கணக்கின் கார்டில் தொட்டுச் செலுத்தும் வசதி எதற்கு?

ரிசர்வ் வங்கியே இதை யோசித்திருக்கிறது. புதுக் கார்டு வரும்போது உள்நாட்டு ஏடிஎம், ஸ்வைப் மெஷின் இரண்டு மட்டுமே வேலை செய்ய வேண்டும், இன்டர்நெட், வெளிநாடு, தொட்டுச் செலுத்துதல் எல்லாம் வாடிக்கையாளர் கேட்டால்தான் திறக்க வேண்டும் என்று 2020 ஜனவரி 15ஆம் தேதி உத்தரவு போட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் இருந்து அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. நல்ல உத்தரவு. சிப் பர்ஸுக்கும் இதே விதி வேண்டும் என்கிறேன். பஸ் கார்டு வேண்டுமா என்று கேட்டு, வேண்டும் என்றவருக்கு மட்டும், அதுவும் தனிக் கார்டாகக் கொடுக்கட்டும்.

தனிக் கார்டுக்கு வழி இல்லாமல் இல்லை. போக்குவரத்துக்கு மட்டும் பயன்படும் ப்ரீபெய்டு கார்டுகளை ஆவணம் எதுவும் கேட்காமலேயே கொடுக்கலாம், அதில் ரூ. 3,000 வரை வைக்கலாம் என்று 2024 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி அனுமதித்தது. சிங்காரச் சென்னை அட்டையும் உங்கள் சேமிப்புக் கணக்கோடு தொடர்பில்லாத ப்ரீபெய்டு கார்டுதான். அடிக்கடி சென்னை போகிறவர்கள் அதை வாங்கி ரூ. 200, 300 மட்டும் ஏற்றிக் கொள்ளுங்கள். ப்ரீபெய்டில் போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால் கொஞ்சமாகவே போடுங்கள். தொலைந்தால் போவது அந்த முன்னூறு மட்டும். உங்கள் சம்பளக் கணக்கு எந்தப் பேங்க் என்று கூட எடுத்தவனுக்குத் தெரியாது.

சேமிப்புக் கணக்கின் கார்டை இன்று ராத்திரியே கம்ப்யூட்டரில் சரி செய்து விடலாம். நெட்பேங்கிங் முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள், தேடலில் வரும் முதல் லிங்கைச் சொடுக்காதீர்கள். வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31க்குள் டாட் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது, அதையும் கவனியுங்கள். உள்ளே போனதும் கார்ட்ஸ் என்ற பகுதியில் மேனேஜ் கார்டு அல்லது அது போன்ற பெயரில் ஒரு பக்கம் இருக்கும். அங்கே கான்டாக்ட்லெஸ் என்பதற்கு எதிரே உள்ள ஸ்விட்ச்சை அணைத்து விடுங்கள். இன்டர்நேஷனல் என்பதையும் அணைக்கலாம், வெளிநாடு போகும்போது திறந்தால் போதும். ஏடிஎம், ஸ்வைப் மெஷின் இரண்டுக்கும் தினசரி வரம்பை உங்கள் செலவுக்கு ஏற்றபடி குறையுங்கள். பதிவாகியிருக்கும் செல் நம்பர் இப்போது வீட்டில் யார் கையில் இருக்கிறது என்றும் பாருங்கள்.

கார்டின் பின்பக்கத்தில் உள்ள கஸ்டமர் கேர் எண்ணை ஒரு தாளில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். கார்டு தொலைந்த பிறகு அந்த எண் கார்டோடு போயிருக்கும், பதற்றத்தில் இன்டர்நெட்டில் தேடினால் மோசடிக்காரர்கள் போட்டு வைத்த போலி எண் கிடைக்கலாம். அதே தாளில் சைபர் குற்றப் புகாருக்கான 1930, வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போக 14448 என்ற எண்களையும் எழுதுங்கள்.

அடுத்த முறை கிளைக்குப் போகும்போது மேனேஜரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். என்சிஎம்சி இல்லாத சாதாரண டெபிட் கார்டு தருவீர்களா? இந்தக் கார்டு தொலைந்தால் சிப்பில் உள்ள பணம் திரும்பக் கிடைக்குமா? வாயால் சொல்லும் பதிலோடு வந்துவிடாதீர்கள். ஒரு இமெயில் அனுப்பி எழுத்தில் பதில் வாங்கி, அதைப் பிரின்ட் எடுத்து பாஸ்புக்கோடு வையுங்கள்.